கடலோர நீராவியை அளக்கும் கருவிக்குக் குமிழ்க்கலமா, முழு ஆவியாக்கமா?

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை அணையில் சேரும் நீர் எந்தக் கடலிலிருந்து எழுந்தது என்று ஆராய்பவருக்கு, ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் ஆகிய கன ஐசோடோப்புகளின் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களின் கனமான வகைகளின்) விகிதமே நம்பத்தக்க தடயம். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை நீரில் இவை பொதுவாகக் குறைந்து காணப்படும். அந்த வேறுபாடு ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே என்பதால், அதை அளக்கும் லேசர் கருவியின் அளவுத்திருத்தம் தவறினால் தடயமே அழிந்துவிடும்.

திரவ மாதிரிகளில் பெரிய சர்ச்சை இல்லை. வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை வழங்கும் இரு மூல நியமங்களோடு (மதிப்பு உறுதியாகத் தெரிந்த ஒப்பீட்டு நீர்களோடு) ஒப்பிட்டு மதிப்பிட்ட இரண்டு உள்ளூர் நியம நீர்கள், மாதிரிகளின் மதிப்புகளை இருபுறமும் அணைத்து நின்றால் போதும். முந்தைய நீரின் சுவடு குழாயில் தங்குவதால், ஒவ்வொரு நீரையும் பலமுறை செலுத்தி முதல் சில அளவுகளைக் கைவிட வேண்டும். மணக்குடிக் காயலின் உவர்நீரை அப்படியே செலுத்தினால் ஆவியாக்கியில் உப்பு படியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நீராவிக்கோ குப்பியில் அடைத்த நியமம் கிடையாது. அதை அங்கேயே உண்டாக்க வேண்டும். குமிழ்க்கல முறையில் நியம நீருக்குள் காற்றைக் குமிழ்களாகச் செலுத்தி, சமநிலை ஆவியைப் பெறுகிறோம். 25 பாகை செல்சியசில் இந்த ஆவி, நீரைவிட ஆக்சிஜன்-18 அளவில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9.3 குறைவாக இருக்கும். மணிக்கணக்கில் சீரான ஓட்டம் தருவதும், உலர்த்தியில் மிஞ்சும் ஈரத்தால் எளிதில் கெடாததும் இதன் பெரும் பலம். ஆனால் நீரின் வெப்பநிலை ஒரு பாகை பிசகினால் டியூட்டீரிய மதிப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1 மாறும். இலேசான ஆவி வெளியேற வெளியேறக் கலத்தில் எஞ்சும் நீர் மெல்லக் கனத்துக்கொண்டே போகும். மின்தடைக்குப் பின் வெப்பநிலை மீண்டும் நிலைப்படும்வரை பெற்ற அளவுகளை நான் நம்புவதில்லை.

முழு ஆவியாக்கத்தில், சிரிஞ்சு பம்ப் செலுத்தும் நுண்துளிகள் சூடான உலர் காற்றில் மிச்சமின்றி ஆவியாகின்றன. ஆகவே ஆவியின் மதிப்பே நீரின் மதிப்பு, வெப்பநிலைச் சமன்பாடு தேவையில்லை. மழைக்கும் ஆவிக்கும் ஒரே நியமத்தைப் பயன்படுத்த முடிவது எனக்கு மிக முக்கியமான காரணம். இதன் பலவீனம் உலர் காற்றில் மிஞ்சும் ஈரம். 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) மிஞ்சினால், 5,000 பிபிஎம் ஆவி அளவில் செய்யும் திருத்தத்தில் 4 விழுக்காடு அந்நிய ஆவி கலந்துவிடும். 25,000 பிபிஎம்மில் அது 0.8 விழுக்காடுதான். குளிர்ந்த, வறண்ட இடங்களில் இம்முறையைத் தயங்கிக் கையாள்கிறார்கள் என்றால் அது நியாயமே. பனிநிலை (காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகையை எட்டும் நாளில் நம் கடலோரக் காற்றில் ஏறத்தாழ 30,000 பிபிஎம் ஆவி இருப்பதால், இங்கு அந்தத் தயக்கத்துக்கு இடம் குறைவு.

ஆகவே இந்தக் கரைக்கு முழு ஆவியாக்கத்தையே நான் பரிந்துரைப்பேன். கருவி காட்டும் ஐசோடோப்பு மதிப்பு ஈரப்பதத்தோடு சேர்ந்து நகர்வதால், ஒரே ஈரப்பதத்தில் திருத்திவிட்டு நிறுத்தாமல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வறளும் நாளின் அளவு முதல் கடற்கரையின் உச்ச அளவு வரை பல படிகளில், இரண்டு நியமங்களாலும் திருத்த வேண்டும். சிலிக்கா ஜெல் நம் ஈரத்தில் விரைவில் நிறைந்துவிடுவதால், உலர் காற்று சிலிண்டரே பாதுகாப்பானது. வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் தொட்டி உள்ளவர்கள், திருத்தங்களுக்கு இடையே கருவி நகர்கிறதா என்று பார்க்கக் குமிழ்க்கலத்தை வைத்துக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குழாயைச் சூடாக்கியே ஆக வேண்டும். 22 பாகைக்குக் குளிரூட்டிய அறைக்குள் 24 பாகை பனிநிலையுள்ள காற்று நுழைந்தால் குழாய்ச் சுவரில் நீர் படியும். கன ஐசோடோப்புகள் அதில் முந்திக்கொண்டு தங்கிவிடும். அந்தப் பிழையை எந்த நியமத்தாலும் பின்னர் திருத்த முடியாது.