ஹாஸ்டலா, ரூமா, காலை ரயிலா?

அக்கா மகளுக்குக் கலந்தாய்வில் கிண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீடு செங்கல்பட்டு. இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை, மறுநாள் காலையிலேயே பஞ்சாயத்து. "ரயில்தான் வாசல்லயே இருக்கே, வீட்டுல இருந்தே போகட்டும்" என்றார் அக்கா. "ஹாஸ்டல்ல விட்டாத்தான் படிப்பு ஏறும்" என்றார் அத்தான். அவளோ, கூடப் படித்த பெண்கள் மூன்று பேர் வேளச்சேரியில் ரூம் எடுக்கப் போகிறார்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் அடிபட்டவன் நான் ஒருவன்தான். பாலிடெக்னிக் மூன்று வருடம் வீட்டிலிருந்து ரயில். அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் கோயம்புத்தூரில் நேராக இரண்டாம் வருடம் பி.இ. அதில் ஒரு வருடம் ஹாஸ்டல், கடைசி இரண்டு வருடம் பீளமேட்டில் ரூம்.

முதலில் ரயில். அக்கா சொல்வதில் பாதி சரி. காசுக் கணக்கில் இதை எதுவும் அடிக்க முடியாது. மாணவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. பட்டப்படிப்பு வரை படிக்கிற பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டே இலவசம். கல்லூரியில் படிவம் வாங்கிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. ஆக, போக்குவரத்துச் செலவு ஏறத்தாழ பூஜ்யம்.

ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு ஐம்பது வண்டி. செங்கல்பட்டிலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும், கூடுவாஞ்சேரி தாண்டினால் நிற்கவே இடம் இருக்காது. கிண்டியில் இறங்கி பஸ் பிடித்து வகுப்புக்குப் போய்ச் சேர, வீட்டு வாசலிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். சாயங்காலமும் அதே. ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்தால் 262 மணி நேரம். கிட்டத்தட்ட பதினோரு நாள், ராத்திரி பகல் சேர்த்து, ரயிலிலேயே இருந்த மாதிரி. "வண்டியில படிச்சுக்கலாமே" என்பார்கள். காலையில் படிக்கலாம், நான் படித்திருக்கிறேன். சாயங்காலம் கிண்டியில் ஏறுகிறவருக்குக் கம்பியைப் பிடிக்கவே ஒரு கை வேண்டும்.

இன்னொன்று, முதல் வருடப் பொறியியலில் கிராஃபிக்ஸ் என்று ஒரு வரைபடப் பாடம் உண்டு. அதற்கு மினி டிராஃப்டர் என்று ஒரு சாமான். நீளமான இரும்புக் கை, முனையில் அளவுகோல். அதையும் சுருட்டிய டிராயிங் ஷீட் குழலையும் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ஏறும் கூட்டத்துக்கு நடுவில் நிற்பது தனிக் கலை. என் டிராஃப்டர் ஒருமுறை ஒரு பெரியவரின் வேட்டியில் மாட்டிக்கொண்டு பல்லாவரம் வரை விடவில்லை. அவர் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கல்லூரி பஸ் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வருடக் கட்டணம் மொத்தமாக முன்கூட்டியே. சாயங்காலம் வகுப்பு முடிந்த பத்தாவது நிமிடம் கிளம்பிவிடும். லேபில் ஒரு ரீடிங் பாக்கி, சீனியர் ஒருவர் கோடிங் சொல்லித் தருகிறார், லைப்ரரியில் புத்தகம் தேட வேண்டும் என்பதெல்லாம் பஸ்ஸுக்குத் தெரியாது. என் அனுபவத்தில் தினசரி வந்து போகிறவர்கள் இழப்பது தூக்கத்தைவிட இந்த நாலு மணிக்குப் பிந்தைய கல்லூரியைத்தான். பையன்களாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சென்னையில் பஸ் ரூட்டை வைத்துக் கோஷ்டி சேர்க்கும் 'ரூட் தல' சமாசாரம் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். அதில் கிடைப்பது போலீஸ் கேஸ்தான், பாஸ்போர்ட் எடுக்கும்போது வந்து நிற்கும்.

இனி ஹாஸ்டல். முதலில் கிடைக்குமா என்று பாருங்கள். சில கல்லூரிகள் குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு இருந்தால் இடம் தருவதில்லை. அட்மிஷன் அன்றே கேட்டுவிட வேண்டும், ஒரு வாரம் கழித்துப் போனால் வெயிட்டிங் லிஸ்ட்.

செலவு கல்லூரிக்குக் கல்லூரி எங்கேயோ போகிறது. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று. மாதம் முழுக்க ஆன அரிசி, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட ஆட்கள், நாட்கள் கணக்கில் வகுத்து விடுவார்கள். லீவில் ஊருக்குப் போகும்போது முறையாக எழுதிக்கொடுத்தால் 'மெஸ் ரிடக்‌ஷன்' கிடைக்கும். எழுதிக்கொடுக்காமல் போனால் நீங்கள் சாப்பிடாத பொங்கலுக்கும் பில் வரும். நான் முதல் தீபாவளிக்கு அப்படித்தான் பத்து நாள் காசைக் கொடுத்தேன். தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே தொகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

இந்த இடத்தில் சிலருக்குக் கணக்கே தலைகீழாகிவிடும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் வந்த பிள்ளையை, "செலவாகுமே" என்று பயந்து தினமும் இரண்டு பஸ் மாற்றி அனுப்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கேட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படலாம். கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் விடுதிகள் உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பெற்றோர் வருமானம், வீட்டுத் தூரம் இரண்டுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கட்டடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில விடுதிகள் நன்றாக இருக்கின்றன, சிலவற்றில் தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அக்காவின் உண்மையான பயம் செலவு இல்லை, ராகிங். நாவரசு என்ற பெயரை எங்கள் தலைமுறை மறக்காது. 1996-ல் சிதம்பரத்தில் அந்த மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இப்போது சேரும்போதே மாணவரும் பெற்றோரும் ஆன்லைனில் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தர வேண்டும். 1800-180-5522 என்ற இலவச எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். எண்ணை அவள் போனில் அக்காவே பதிந்து கொடுத்தார். பல கல்லூரிகளில் முதல் வருடத்தாரைத் தனிக் கட்டடத்தில் வைக்கிறார்கள். அப்படி இருக்கிறதா என்று வார்டனிடம் கேட்டுவிட்டோம், இருக்கிறது.

ஹாஸ்டலின் நிஜமான தொல்லை வேறு. காலை ஏழரைக்கு எட்டு பாத்ரூமுக்கு நாற்பது பேர் நிற்பார்கள். பக்கெட்டில் பெயர் எழுதாவிட்டால் மறுநாள் அது பொதுச் சொத்து. கெட்டில் வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்காவது பிறந்தநாள் வரும், நாற்பது பேர் இருக்கும் பிளாக்கில் மாதத்துக்குச் சராசரியாக மூன்று. தூக்கம் போகும். முதல் மாதம் சாம்பாரைப் பார்த்தால் அழுகை வரும். ஆனால் செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, கணக்கில் ஒன்றுமே புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரூம்காரன் வந்து அரை மணி நேரத்தில் ஐகன் வேல்யூ என்ற கணக்கைப் புரியவைத்துவிட்டுப் போவான். பாலிடெக்னிக்கில் ரயிலில் போய் வந்த மூன்று வருடத்தில் எனக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்த அந்த ஒரு வருடம்தான் எனக்கு அரியர் இல்லாத வருடம். நானொன்றும் திடீரென்று புத்திசாலியாகிவிடவில்லை.

ரூம் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன். அவள் சொன்ன "ரூம்" இரண்டு விதம். ஒன்று பி.ஜி. எனப்படும் தனியார் விடுதி, இன்னொன்று நாலு பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடு. பி.ஜி.யில் சாப்பாடு, வைஃபை, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து, மூன்று பேர் ஷேரிங்கில் மாதம் ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரை சொன்னார்கள். பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்தால் கேள்வி கேளுங்கள். மாதம் 20,000 ரூபாய்க்குள், குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்குகிறவர்களுக்கு வரி கிடையாது என்று 2024-ல் முடிவெடுத்துவிட்டார்கள். பெண்கள் விடுதி என்றால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: உரிமம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2014-ல் வந்த சட்டப்படி பெண்கள், குழந்தைகள் தங்கும் தனியார் விடுதிகளைப் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். நாங்கள் பார்த்த மூன்றில் ஒரு இடத்தில்தான் கேட்டவுடன் காகிதத்தைக் காட்டினார்கள். இன்னோரிடத்தில் அந்த அம்மா, "இருபது வருஷமா நடத்துறேன், யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்று கோபித்துக்கொண்டார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

வாடகை வீடு இன்னும் பெரிய கதை. தரகர் கமிஷன் ஒரு மாத வாடகை. அட்வான்ஸ் என்று எடுத்தவுடன் பத்து மாதம் கேட்பார்கள். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 2017-ம் வருட வாடகைச் சட்டம். அந்த "வேறுவிதமான ஒப்பந்தத்தில்"தான் மொத்த சென்னையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் கரண்டுக்கு யூனிட் இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைக்கும் ரேட், தண்ணீர் கேன், ஐந்து கிலோ சிலிண்டர். எல்லாவற்றுக்கும் மேல், பாத்திரம் யார் கழுவுவது. பீளமேட்டில் நாங்கள் நாலு பேர். தேர்வு வாரத்தில் ஒருமுறை குக்கரைக் கழுவாமல் நாலு நாள் விட்டோம். ஐந்தாம் நாள் திறந்தபோது உள்ளே ஒரு காடு. அந்தக் குக்கரைக் கழுவுவது யார் என்ற சண்டையில் ஒருவன் பேச்சை நிறுத்தினான், கான்வொகேஷன் வரை பேசவில்லை.

இருந்தும் அந்த இரண்டு வருடம் எனக்குப் பிடித்திருந்தது. புராஜெக்ட், வேலைக்கான இன்டர்வியூ எல்லாம் வந்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்குள் கேட்டுக்குள் வா என்ற கட்டுப்பாடு இல்லாமல் இருந்தது உதவியது. கூட இருந்தவர்கள் யார் எப்படி என்று ஒரு வருடம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அதனால்தான் குக்கரோடு போயிற்று. பிளஸ் டூவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம் என்பதற்காக பதினேழு வயதில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுப்பது வேறு. வாடகைத் தேதி, கேஸ், காய்ச்சல் வந்தால் டாக்டர் எல்லாமே முதல் செமஸ்டர் கணக்கோடு சேர்ந்து தலையில் விழும். மூன்றாம் வருடம் கேள், நானே தரகரிடம் பேசுகிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்து ஒரு பக்கம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நான் யோசிக்காமல் வீடு என்றே சொல்லியிருப்பேன். சொந்த ஊரிலேயே அரசுக் கலைக் கல்லூரியில் சேர்கிற பிள்ளைக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அம்மா கைச் சோறு, இலவச பஸ் பாஸ், அதோடு அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், ஹாஸ்டல் கிடைக்கிற பட்சத்தில், முதல் வருடம் ஹாஸ்டல். நடுவில் மாட்டுகிறவர்கள், சேர்வதற்கு முன்பே ஒரு திங்கட்கிழமை காலை அந்த ரயிலிலோ பஸ்ஸிலோ கல்லூரி வாசல் வரை போய் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "கூட்டமே இல்லையே" என்று முடிவு செய்யக்கூடாது. அத்தான் அந்தத் தப்பைத்தான் முதலில் செய்தார்.

அக்கா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பச்சை நிற பக்கெட் ஒன்றை வாங்கி வந்து பெயின்ட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். சேர்ந்து இப்போது ஆறு வாரமாகிறது. வெள்ளி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஞாயிறு ராத்திரி திரும்ப மனசு வராமல் திங்கள் காலை அந்த ஆறு ஐம்பது வண்டியில்தான் போகிறாள். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் அதுவும் பிடித்திருக்கிறதாம், ஜன்னல் சீட் கிடைத்தால். டிராஃப்டரை மட்டும் ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.