உள்ளே போகிற தோட்டா எல்லாம் அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை லைசென்ஸோடு வீட்டில் வைத்திருக்கும் விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பொழுதுபோக்காகப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் அந்தியூர் தாண்டி, பர்கூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மக்காச்சோளமும் மரவள்ளியும் வைக்கிறோம். ராத்திரியில் பன்றி வரும், வருசத்துக்கு ஒன்றிரண்டு தடவை யானை வரும். வீட்டில் இருக்கும் துப்பாக்கி அப்பாரு வாங்கியது. பர்மிங்காமில் செய்த 12 போர் டபுள் பேரல். போர் என்பது குழல் துளையின் அளவு. அப்பாருக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் நான் என்று லைசென்ஸ் கைமாறியது. அதற்கு அலைந்த கதையை எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் வாங்கி வருவது. மற்ற நாளெல்லாம் அது பீரோவில் தூங்கும்.

அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டாக்கள் அட்டைக் கூடு உள்ளவை. ஈரத்தில் உப்பி, குழலுக்குள்ளேயே இறங்கவில்லை. புதுசு வாங்கலாம் என்று போன தை மாதம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

கடைக்காரருக்கு வாய் நன்றாக இருந்தது. முதலில் பாயிண்ட் 315 ரைஃபிள் ஒன்றைக் காட்டினார். "இஷாப்பூர் பேக்டரி சரக்குங்ணா, மானு நின்ன இடத்துலயே உக்காந்துரும்" என்றார். எனக்கு ரைஃபிள் வேண்டாம், மானும் வேண்டாம், 12 போருக்கு 20 தோட்டா போதும் என்றேன். "அப்ப எஸ்ஜி எடுத்துக்குங்க, பெரிய குண்டு போட்ட தோட்டா, உங்க அப்பாரு காலத்துல மானுக்கு இதைத்தான் போடுவாங்க" என்று மறுபடியும் மானிலேயே வந்து நின்றார். அப்பாரு காலம் வேறு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. இன்றைக்கு மானைச் சுட்டால் ஜெயில். பன்றிக்குக்கூட நம் கை நீளக்கூடாது. 2025 ஜனவரியில் அரசு சொன்னது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு மேல் போனால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள். எங்கள் தோட்டம் 2 கிலோமீட்டரில் இருக்கிறது. தோட்டா விற்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். மான் என்று சொன்னால் வாங்குகிறவன் நெஞ்சு கொஞ்சம் நிமிரும், அவ்வளவுதான் கணக்கு.

ஒன்றே ஒன்று கேட்டேன். "இது ரொம்பப் பழைய துப்பாக்கிங்க. இந்தத் தோட்டா சேருமா?" துப்பாக்கியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் வாங்கி, குழலை மடக்கி, ஒரு தோட்டாவை உள்ளே விட்டார். சுலபமாகப் போய் உட்கார்ந்தது. "பாருங்ணா, அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது" என்றார். நானும் நம்பினேன். போட்டுப் பார்த்தாயிற்று, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அங்கேதான் ஏமாந்தேன்.

வீட்டுக்கு வந்து கிணற்று மண்மேட்டைப் பார்த்து இரண்டு சுட்டேன். முதல் வெடியிலேயே தோளில் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. ரொம்ப நாள் கழித்துச் சுடுகிறோம், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த குழலையும் சுட்டேன். அப்புறம் மடக்கினால் வரவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தித்தான் திறந்தேன். வெளியே எடுத்த காலிக் கூடு இரண்டுக்கும் வாய்ப்பக்கம் நார்நாராகக் கிழிந்திருந்தது.

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன். காலிக் கூட்டைப் பார்த்ததுமே, "தம்பி, 70 போட்டீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முத்திரைகளுக்கு நடுவில் 2½ என்று பொடியாக வெட்டியிருந்தது. அத்தனை வருசம் எண்ணெய் போட்டுத் துடைத்த எங்கள் மூன்று தலைமுறையில் ஒருவரும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை.

அது குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறையின் நீளம். இரண்டரை அங்குலம், அதாவது 65 எம்எம். இங்கிலாந்தில் செய்த பழைய 12 போர்களில் இந்த அளவு சர்வசாதாரணமாம். எனக்கு விற்றது 70 எம்எம் தோட்டா. அப்படியானால் எப்படி உள்ளே போனது? கூட்டின் மேல் எழுதியிருக்கும் 70 என்பது வெடித்து முடிந்து வாய் விரிந்த காலிக் கூட்டின் நீளம். வெடிக்கும் முன்னால் வாய் மடிந்து மூடியிருக்கும், அதனால் முழுத் தோட்டா 65 எம்எம்-ஐவிடக் குட்டை. இரண்டரை அங்குல அறையிலும் சுகமாக உட்காரும். வெடித்ததும் மடிப்பு முன்னால் விரியும். விரிய இடமில்லாமல், அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும். வெடிமருந்துப் புகையும் ஈயக்குண்டும் அந்த நெருக்கத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருப்பதால் உள்ளே அழுத்தம் எகிறும். தோள் வலியும் கிழிந்த கூடும் அதனால்தான். போதாததற்குப் பழைய துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தியதே இன்றைய தோட்டாவைவிடக் குறைந்த அழுத்தத்துக்கு.

பெரியவர் குழலைத் திரும்ப மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். குழலின் பின்வாய்க்கும் அதை அடைக்கும் முகத்துக்கும் நடுவில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. ஒரு தாள் நுழையும். "இன்னும் நாலு சுட்டிருந்தீங்கன்னா கண்ணுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். இறுக்கிக் கொடுக்க 14,000 ரூபாய் ஆனது. தோட்டாவின் விலை இதில் சேர்த்தி இல்லை.

டெக்சாஸில் இருக்கும் மச்சினனிடம் இதைச் சொன்னேன். அங்கே லைசென்ஸ் எடுத்து, சீசனில் மான் வேட்டைக்குப் போவது சட்டப்படியான விசயம். அவன் வைத்திருப்பது பாயிண்ட் 308 ரைஃபிள். "மாமா, இங்க 30-06னு இன்னொன்னு இருக்குது. ரெண்டுக்கும் குண்டோட தடிமன் ஒன்னுதான். ஆனா கூடு ஒன்னு 51 எம்எம், இன்னொன்னு 63. குழல்ல என்ன வெட்டியிருக்குதோ அது டப்பாவுல இருக்கோணும், இல்லீனா தொடமாட்டோம்" என்றான். எந்த மானுக்கு எந்தத் தோட்டா என்று அங்கே மணிக்கணக்காகப் பேசுவார்களாம். அதெல்லாம் குழலில் இருக்கும் எழுத்தைப் படித்த பிறகு.

இதையாவது கடைக்காரரின் அலட்சியம் என்று விடலாம். அடுத்தது அப்படி இல்லை. நான் வாங்கியது 20. வீட்டில் வந்து லைசென்ஸைப் பார்த்தால் 25 என்று பதிந்திருக்கிறார். ஏட்டில் என் பெயரில் 25 போய்விட்டது, என் கையில் 20தான். மிச்சம் 5 யாரிடம் போனது என்று எனக்குத் தெரியாது. தணிக்கையில் கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டியவன் நான். துப்பாக்கி கெட்டதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். தோட்டா வாங்கினால் கடையை விட்டு இறங்குமுன் எண்ணுங்கள், லைசென்ஸில் எழுதிய எண்ணோடும் பில்லோடும் ஒத்துப் பாருங்கள். நான் பில்லும் ஒழுங்காக வாங்கவில்லை. "சாமான்" என்று ஒரே வார்த்தை எழுதின துண்டுச் சீட்டு.

திரும்பப் போய்க் கேட்டேன். தோட்டா விசயத்துக்கு, "நீங்க பாத்துத்தானே வாங்குனீங்க, விற்ற தோட்டாவைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். எண்ணிக்கைக்கு, "25 தான் குடுத்தேன், வீட்ல பசங்க யாராச்சும் எடுத்திருப்பாங்க" என்றார். என் வீட்டில் பசங்களே கிடையாது, இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில்.

அன்றைக்கே ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு நகல் பதிவுத் தபாலில் போட்டேன். மீதம் 18 முழுத் தோட்டா, 2 காலிக் கூடு என்று எண்ணிக் காட்டி, ரசீது வாங்கி லைசென்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன். காலிக் கூட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரரே போன் செய்தார். குரலில் சர்க்கரை. "ஏனுங்ணா, இதுக்குப் போயி எழுதிக் குடுப்பீங்களா, எண்ணுறதுல தப்பாயிருச்சு. அந்த அஞ்சு தோட்டாவை வந்து வாங்கிட்டுப் போங்க."

எந்தத் தோட்டா என்று கேட்டேன். அதுவும் 70தான்.