கட்டணத் தவணை என்றார்கள், என் பெயரில் கடன் எழுதினார்கள்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேலையை மாற்றிக்கொள்ள நினைக்கும் கணவரோ மனைவியோ உங்கள் வீட்டில் இருந்தால், பயிற்சி நிறுவனத்தின் ஆலோசனை அறைக்கு நீங்களும் உடன் செல்வதற்கு முன்பாக இதைப் படித்துவிடுங்கள். அந்த அறையில் அவர்கள் எதிர்பார்த்திருப்பது வேலை தேடுபவரை அன்று. மாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் மற்றவரைத்தான்.

என் கணவர் கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். டிப்ளமா மெக்கானிக்கல் படித்தவர். இரவு ஷிஃப்டும் முதுகுவலியும் சேர்ந்து வாட்டியதால் 2024 மார்ச்சில், தம் 46ஆவது வயதில், வேலையை விட்டார். அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. இன்றும் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனுக்கு மாதம் 14,000 ரூபாய், பிளஸ் டூ போகவிருந்த மகளின் படிப்பு, மாமியாரின் மருந்து என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். வேலையை விட்டு ஒரு மாதம் ஆனால் பி.எஃப். தொகையில் 75 சதவீதத்தை எடுக்கலாம் என்பது அப்போதைய விதி. அதையும், உதவி பெறும் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வரும் சம்பளத்தையும் வைத்து ஓராண்டு தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டோம். ஆலையின் குழு மருத்துவக் காப்பீடு அவர் வேலையை விட்ட அன்றே முடிந்துவிடும் என்பதை மட்டும் அந்த நோட்டில் எழுத மறந்திருந்தோம். அது தனிக் கதை.

காந்திபுரத்தில் தரவுப் பகுப்பாய்வு கற்றுத்தரும் ஒரு நிறுவனத்துக்கு ஏப்ரலில் போனோம். ஆறு மாதப் பயிற்சி, முடிவில் வேலை உறுதி என்றார்கள். வயதைப் பற்றி நான் கேட்டபோது, "அனுபவம்தான் மேடம் சாருக்கு பலமே" என்று பதில் வந்தது. கட்டணம் 1,80,000 ரூபாய். மாதம் பத்தாயிரமாகப் பதினெட்டுத் தவணை, வட்டியே கிடையாது. ஒரே முறையில் கட்டினால் 1,45,000. தவணையைத் தேர்ந்தெடுத்தோம். அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் "சும்மா ஒரு சரிபார்ப்புக்காக" என்று சொல்லி என் ஆதாரையும் பான் எண்ணையும் கேட்டார்கள். மேசைமேல் இருந்த என் கைப்பேசிக்கு அடுத்தடுத்து மூன்று ஓ.டி.பி. வந்தன. ஆலோசகர் டேப்லெட்டைத் தம் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு எண்களைக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காகிதக் கோப்பையில் தேநீரும் வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தேன். பெயரே கேள்விப்பட்டிராத ஒரு நிதி நிறுவனம் எனக்குக் கடன் அனுமதித்திருப்பதாகத் தெரிவித்திருந்தது. கடன்தாரர் நான், பணம் போனதோ நேராகப் பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்கு. உடனே தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம், தவணையென்றால் இதுதான்" என்றார்கள். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, அன்றைக்கு எனக்குக் குறைந்தது மூன்று நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அபராதமின்றி வெளியேறியிருக்கலாம். இதை நான் தெரிந்துகொண்டது ஐந்து மாதம் கழித்து. வட்டி இல்லை என்பதும் பொய்தான்: 1,45,000 ரூபாய்ப் பொருளுக்குப் பதினெட்டு மாதம் பத்தாயிரம் கட்டினால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 29 சதவீத வட்டிக்குச் சமம்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் மாதம் ஆசிரியர் நேரில் வந்தார், பிறகு பதிவு செய்த காணொளிகள்தாம். வேலை என்று அனுப்பியவை இரண்டு: ஒன்று இரவு நேரத் தரவுப் பதிவு, 12,000 ரூபாய்; மற்றொன்று முன்பணம் கேட்டது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் "வேலை உறுதி" என்ற சொல் எங்குமே இல்லை, "வேலைவாய்ப்பு உதவி" என்றுதான் இருந்தது. பணத்தைத் திருப்பித் தருவதற்கான விதியோ சேர்ந்த ஏழு நாளோடு முடிந்திருந்தது.

செப்டம்பரில் மகளின் கட்டணத்தைச் செலுத்தியதால் என் கணக்கில் இருப்புக் குறைந்து, ஒரு தவணை திரும்பிவிட்டது. வங்கி ஓர் அபராதம் பிடித்தது, நிதி நிறுவனம் இன்னொன்று. மறுநாள் வசூல் ஆள் என் பள்ளி அலுவலகத்துக்கே தொலைபேசியில் பேசினார், எடுத்தவர் தலைமையாசிரியை. "டீச்சர், அந்தக் கடன் என்னுடையது இல்லை" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அது என்னுடையதுதான். கட்டாமல் விட்டால் கெடுவது, அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் என் சிபில் மதிப்பெண் என்பதால் 2025 அக்டோபர் வரை எல்லாத் தவணைகளையும் கட்டி முடித்தேன்.

முறையிடுவோர் கவனத்துக்குச் சில விவரங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் அனுப்பி, முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நான் போனேன், ஓ.டி.பி.யை நானே சொன்னதால் என் மனு அங்கே நிற்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தபோது, பயிற்சி நிறுவனம் வேறொரு பயிற்சியை இலவசமாகத் தருவதாகச் சொன்னது! மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். அங்கே எங்கள் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அறையில் வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் எங்களிடம் சான்று இல்லை. ஆலோசகர் "100% வேலை" என்று எழுதி அனுப்பிய ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்திதான் கையில் இருக்கிறது.

என் கணவர் இப்போது அரசூர்ப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் உற்பத்தித் திட்டமிடலைக் கவனிக்கிறார். பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு கிடைக்கிறது. பழைய ஆலையில் உடன் வேலை பார்த்த நண்பர் சொல்லி வாங்கித் தந்த வேலை அது. பயிற்சி நிறுவனத்தின் இணையதளத்தில், வேலை பெற்ற மாணவர்கள் வரிசையில், அவருடைய படம் இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டோம்.