மெட்டல் டிடெக்டரா, பாடி ஸ்கேனரா?

முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது? அம்மாவோடு இரண்டிலும் நின்றிருக்கிறேன்.

பிடிபடுவது:
டிடெக்டர் – உலோகம் மட்டும்தான். 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் தைத்துக் கொண்டுபோன வெடிமருந்து இதில் சிக்காத வகை.
ஸ்கேனர் – துணிக்கடியில் உள்ள உலோகமல்லாத பொருளையும் காட்டும், தோலைத் தாண்டாது.

சிரமம்:
டிடெக்டர் – அம்மாவின் முட்டிக்கு ஒவ்வொரு முறையும் பீப் அடித்தது. அப்புறம் கைச்சோதனை.
ஸ்கேனர் – முட்டிக்கு ஒன்றுமில்லை. ஆனால் திரையில் புடவைக் கொசுவத்தின் மேல் மஞ்சள் கட்டம் விழுந்தது, அதற்கும் ஒரு தடவல்.

செருப்பைக் கழற்றுவது இரண்டிலும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெரியவர்களை இது ரொம்பவே குழப்புகிறது.

பாதுகாப்புக்கு ஸ்கேனர்தான். முட்டிக்காரர்களுக்கும் அதுவே. ஸ்கேனருக்குள் கை தூக்கி நிற்க வேண்டும்; அப்படி முடியாதவர்கள் முன்பே சொல்லி, டிடெக்டரும் கைச்சோதனையும் கேளுங்கள்.