ஏரிக்கரை வீடு, 9 வருடங்கள்: கலுங்கில் கட்டிய கம்பிவலை

போன மாதம் கரையில் வேலை முடிந்து ஏரியில் மறுபடி தண்ணீர் ஏறத் தொடங்கிய வாரம், சார்லட்டில் இருக்கும் நண்பர் கூப்பிட்டார். வேலை மாறி அட்லாண்டா பக்கம் வருகிறார். எங்கள் குடியிருப்பில் ஏரியைப் பார்த்த வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, முதலில் கேட்டதைவிட நாற்பதாயிரம் டாலர் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டார். போனில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏரியின் படங்களை அவர் பார்த்துவிட்டார். 12 ஏக்கர், படகுத்துறை, சுற்றி நடைபாதை எல்லாம் அவருக்குத் தெரியும். படத்தில் புல்மேடு போலத் தெரிவது 28 அடி உயர மண் அணை என்பதுதான் தெரியாது. 1970-களில் மனை போட்டு விற்றவர் ஓடையை மறித்துக் கட்டியது. பாசனம் கிடையாது, குடிநீர் கிடையாது. மீன் பிடிக்க, படகு விட, பார்த்துக்கொண்டிருக்க மட்டும். அது அரசாங்கத்தின் அணையும் இல்லை. எங்கள் 54 வீட்டுக்காரர்களின் சொத்து. அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் 90,000-க்கும் மேல் அணைகள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் இப்படித் தனியார் கையில்தான். வீடு வாங்கியபோது எனக்கும் இது தெரியாது. பத்திரத்தில் எங்கோ ஒரு வரியில் இருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறைய இருக்கிறது. காலையில் காபியோடு பின்கட்டில் உட்கார்ந்தால் பெரிய நீல நாரை வந்து நிற்கும். என் மகள் ஏழு வயதில் இங்கேதான் துடுப்புப் போடக் கற்றாள். கோடையில் வெளியூர் போகவேண்டும் என்ற எண்ணமே எங்கள் வீட்டில் வருவதில்லை. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் சத்தம்தான். ஏரிக்குள் கிணற்று உறை போல ஒரு கான்கிரீட் தொட்டி நிற்கிறது. நீர்மட்டம் அதன் வாயைத் தாண்டியதும் தண்ணீர் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விடும். மழை பெய்த இரவுகளில் ஜன்னலைத் திறந்தால் அந்த விழுகிற சத்தம் கேட்கும். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஏரியின் உபரி நீர் வழிந்தோடும் வாயைக் கலுங்கு என்போம். ஏரி நிரம்பினால் "கலுங்கு பாயுது" என்று தெருவே எழுந்து போகும். அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நண்பருக்குப் புரியும்.

சரி, இனி அந்த வலை.

தொட்டிக்குள் அடங்காத பெருவெள்ளத்துக்கென்று கரையின் இடது ஓரத்தில் புல் வளர்த்த அகலமான பள்ளம் ஒன்று வெட்டியிருக்கிறார்கள். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஆனால் மண் கரைக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் கரையின் தலையைத் தாண்டி வழிந்தால் மண் கரைந்துகொண்டே போகும், சில மணி நேரத்தில் கரை போய்விடும். அப்படி வழியாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பள்ளம்தான். நம்மூர்க் கலுங்குக்கும் அதே வேலை, அதனால் இதையும் கலுங்கு என்றே சொல்கிறேன்.

2019-ல் ஏரியில் மண்டிய நீர்ச்செடிகளை ஒழிக்க, வீட்டுக்காரர்களின் அசோசியேஷன் அவற்றைத் தின்னும் புல்கெண்டை மீன்களை வாங்கி விட்டது. நல்ல யோசனைதான், செடிகள் குறைந்தன. மீன் ஒன்றுக்குப் பதினைந்து டாலர் கொடுத்ததால், வெள்ளத்தில் அவை தப்பிப் போய்விடக்கூடாது என்று கலுங்குக்குக் குறுக்கே இரும்புக் கம்பம் நட்டுக் கோழிக்கூண்டு வலை கட்டினார்கள். நான் அன்றே எதிர்த்தேன். "மீன்தான் போகாது, தண்ணீர் போகும்" என்றார்கள். இலை சேர்ந்தால் தண்ணீரும் போகாது என்றேன். கூட்டத்தில் என்னோடு கை தூக்கியவர்கள் நான்கு பேர்.

இது புதுத் தவறும் இல்லை. பென்சில்வேனியாவில் பெரும் பணக்காரர்கள் சேர்ந்து ஒரு மீன்பிடி மன்றம் நடத்தினார்கள். எஃகு முதலாளிகள் கார்னகி, ஃபிரிக் எல்லாம் உறுப்பினர்கள். பழைய மண் அணை ஒன்றை வாங்கி உல்லாச ஏரியாக வைத்திருந்தார்கள். முந்தைய உரிமையாளர் ஏரியை இறக்க உதவும் அடிமதகுக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். மன்றம் அதைத் திரும்பப் போடவில்லை. வண்டிப் பாதைக்காகக் கரையின் தலையைத் தணித்தார்கள். மீன் தப்பாமலிருக்க உபரி நீர் வழியில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31-ல் பெருமழையில் அந்தத் தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரையைத் தாண்டியது, அணை உடைந்தது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் அழிந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். இதைக் கூட்டத்தில் படித்தே காட்டினேன். நம் ஏரி அவ்வளவு பெரிசு இல்லை என்றார்கள். உண்மைதான். நம் ஏரியில் இருப்பது ஏறக்குறைய 12 கோடி லிட்டர். கரைக்குக் கீழே ஓடையோரம் இருப்பது 11 வீடுகள். அதில் ஒன்றில் பிறந்து இரண்டு மாதமான குழந்தை இருந்தது.

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்தது. அட்லாண்டாவில் 48 மணி நேரத்தில் 11.12 அங்குல மழை. 1878-லிருந்து வைத்திருக்கும் கணக்கில் அதுதான் அதிகம். இரவு ஒன்றரை மணிக்கு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் டார்ச்சோடு போனோம். வலை தெரியவே இல்லை. பைன் ஊசியும் இலையும் யாரோ வீட்டு நாற்காலியும் சேர்ந்து சுவராக நின்றது. கரையின் தலைக்கு ஒன்றரை அடிதான் மிச்சம். தண்ணீருக்குள் இறங்காமல், ஓரத்தில் நின்றபடியே முதல் கம்பத்தில் கம்பியை வெட்டினோம். வலை மடங்கிச் சுருண்டது, தண்ணீர் போகத் தொடங்கியது. விடியும்வரை மட்டம் குறைவதைக் குச்சி நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு கரையின் சரிவில், குழாய் போகும் தடத்துக்கு மேலே, ஒரு சின்னக் குழி தெரிந்தது. பொறியாளர் வந்து குழாய்க்குள் கேமரா விட்டார். நெளித்தகட்டு இரும்புக் குழாய், ஐம்பது வயது. அடிப்பக்கம் துரு தின்று ஓட்டை. அதன் வழியாகக் கரையின் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது. தெளிந்த கசிவுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், கலங்கிய கசிவு வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அவர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். நண்பரும் குறித்துக்கொள்ளட்டும்.

வேலையைக் குறை சொல்ல மாட்டேன், அருமையாகச் செய்தார்கள். ஏரியை இறக்கி, பழைய குழாய்க்குள் புதிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமெண்ட் பால் ஊற்றி, கீழ்வாயில் மணல் வடிகட்டி வைத்தார்கள். கரையில் நாங்கள் ஆசையாக வளரவிட்ட மரங்களை எடுத்தார்கள். வேர் செத்து மக்கினால் அது தண்ணீருக்குப் பாதையாகிவிடும். வீடு ஒன்றுக்கு 9,400 டாலர், இரண்டு தவணை. கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. விற்கிறவர் இரண்டாவது தவணையைக் கட்டிவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு, எங்கள் ஜார்ஜியா மாநிலத்திலேயே இருக்கும் டக்கோவாவுக்குப் போய்வந்தேன். அங்கே அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. 1957-ல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திய பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி. 1977 நவம்பர் 6, அதிகாலை, தொடர்மழையில் உடைந்து கீழே இருந்த கல்லூரிக் குடியிருப்பில் 39 பேர் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். 1973-ல் எடுத்த ஒரு புகைப்படத்திலேயே அணையின் கீழ்ச்சரிவு சரிந்திருப்பது தெரிந்ததாம். நான்கு வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் 1978-ல் ஜார்ஜியாவில் அணைப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. உடைந்தால் உயிர் போகும் என்று கருதும் அணை முதல் வகை. அதற்கு உரிமமும் சோதனையும் உண்டு. மற்றவை இரண்டாம் வகை. கீழே புதிதாக வீடு வந்திருக்கிறதா என்று சில வருடங்களுக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் கரை கட்டியபோது கீழே மாடு மேய்ந்தது. இப்போது முதல் வகை.

மகள் அருவியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம வலையை எடுத்துட்டாங்கல்ல அப்பா?" என்று கேட்டாள். எடுத்தாகிவிட்டது என்று சொன்னேன். அப்போது அது உண்மை.

போன சனிக்கிழமை நடக்கப் போனேன். கலுங்கில் புது வலை. கம்பியின் பளபளப்பு இன்னும் மங்கவில்லை. புதிதாக மீன் விட்டிருக்கிறார்களாம். வீட்டுக்குப் போய்க் கட்டிங் பிளேயர் எடுத்து வந்து, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க வெட்டி எடுத்தேன். அசோசியேஷனிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. பொறியாளரின் அறிக்கையில் வலை கூடாது என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பதிலோடு அனுப்பிவிட்டேன்.

நண்பருக்கு என் பதில் இதுதான். ஏரிக்குக் குறை இல்லை. கரை இந்த ஐம்பது வருடத்தில் இருந்ததைவிட இன்று நன்றாக இருக்கிறது. விலையும் நியாயம். ஆனாலும் வாங்காதீர்கள். நான் விற்கப்போவதில்லை, நான் போய்விட்டால் அந்தக் கலுங்கைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியும் வீடு பார்க்க வருவதாக இருந்தால், சமையலறையைப் பார்ப்பதற்கு முன் கரையின் இடது ஓரம்வரை என்னோடு நடந்து வாருங்கள். வலை இல்லை, கம்பங்கள் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்க ஓட்டெடுப்பு வேண்டுமாம். அடுத்த கூட்டம் ஜனவரியில்.