கம்பெனிக்கு வாங்கிய சிஎன்ஜி டிசையர்: மூன்றரை வருடம், 1,09,000 கிலோமீட்டர்

கம்பெனிக்கு மாருதி டிசையர் கார் வாங்கி இந்தப் பொங்கலோடு மூன்றரை வருடம் முடிந்துவிட்டது. ஓடோமீட்டரில் 1,09,000 சொச்சம். கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. கணக்கு, நிர்வாகம் இரண்டையும் நான் பார்க்கிறேன். இந்தக் காரை நான் மொத்தமாகப் பத்து தடவை ஓட்டியிருந்தால் அதிகம். ஆனால் அதற்காக வந்த ஒவ்வொரு பில்லும் என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. கம்பெனிக்குக் கார் வாங்க யோசிப்பவர்களுக்கு அந்த பில்களில் சொல்ல விஷயம் இருக்கிறது.

2022 வரை எங்களுக்கு வாடகைக் கார்தான். ஈரோடு, கரூர், சேலம், பாலக்காடு என்று டீலர்களைப் பார்க்க மாதம் பதினாறு நாளாவது வண்டி வெளியூர் போகும். வெளியூர் டிரிப் என்றால் நாளுக்கு 250 கிலோமீட்டர் மினிமம். திருப்பூர் போய் 110 கிலோமீட்டரில் திரும்பி வந்தாலும் 250க்குத்தான் காசு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பாட்டா 400. ஆக ஒரு நாளைக்கு 3,900. மாதாமாதம் அறுபதாயிரத்தைத் தாண்டி பில் வர ஆரம்பித்ததும் முதலாளி கூப்பிட்டு, "நாமளே ஒண்ணு வாங்கிடலாமாப்பா, கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

எது வாங்குவது என்பதில் பெரிய போராட்டம் இல்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன செடான் போதும் என்பது முடிவாகிவிட்டது. மாருதி 2020 ஏப்ரலிலேயே டீசலை நிறுத்தியாயிற்று. மற்றவர்களிடமும் சின்ன செடானில் டீசல் மறைந்துகொண்டிருந்த நேரம். டாடாவின் டிகோர் மின்சாரக் காரையும் பார்த்தோம். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 12 லட்சத்தில் ஆரம்பித்தது. சேலம் போய்த் திரும்ப 330 கிலோமீட்டர், நடுவில் எங்கேயாவது சார்ஜ் போட்டே ஆக வேண்டும். அன்றைய நிலைமையில் எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. டிகோர், ஹூண்டாய் ஆரா, மாருதி டிசையர் மூன்றிலும் சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் வகை இருந்தது; வேண்டும்போது பெட்ரோலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். டிசையர் சிஎன்ஜி 2022 மார்ச்சில்தான் வந்திருந்தது. முதலாளியின் மச்சான் வீட்டில் பழைய டிசையர் ஒன்று பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், நான் போட்ட எக்ஸெல் ஷீட்டைவிட அந்த மச்சான் சொன்ன வார்த்தைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஜூலையில் டிசையரில் விஎக்ஸ்ஐ என்ற சிஎன்ஜி மாடலை எடுத்தோம். எக்ஸ்-ஷோரூம் எட்டு லட்சத்துச் சொச்சம், ரோட்டுக்கு வரும்போது ஒன்பதரை லட்சம். அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்குள் உள்ள காருக்கு சாலை வரி 10 சதவீதம். 2023 நவம்பரில் அது ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான வண்டிக்கு 13 ஆகிவிட்டது. வண்டி விற்ற ஷோரூமில் 28,000 ரூபாய்க்கு 'ஆக்சஸரி கிட்' எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி என்று ஒரு பேச்சு வந்தது. சீட் கவர், மட் ஃப்ளாப், வாசனை பாட்டில் வரை அதில் இருந்தது. இரண்டு நாள் இழுத்தடித்து 11,000க்கு முடித்தேன். அதிலும் பாதி வேண்டாத சாமான்தான்.

சரி, எரிபொருள். சிஎன்ஜி வண்டிக்குப் பெட்ரோல் வண்டியைவிட 95,000 அதிகம் கொடுத்தோம், அதன் மேல் வரி வேறு, கூட்டினால் 1,04,500. மாருதி சொல்லும் மைலேஜ் கிலோவுக்கு 31.12 கிலோமீட்டர். எங்களுக்குக் கிடைத்தது ஏசி போட்டு, ஆள் ஏற்றி, சராசரியாக 25.5. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதனைக்கூடத்தில் எடுக்கும் அளவையும் அவினாசி ரோட்டில் எடுக்கும் அளவையும் ஒன்றாக எதிர்பார்த்தால் தப்பு நம்முடையது. மூன்றரை வருடத்துக்கும் சேர்த்து கிலோ சராசரி 86 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3.37 ரூபாய். இதே வண்டி பெட்ரோலில் 18 கொடுக்கிறது, லிட்டர் 102.50 என்றால் 5.69 ரூபாய். வித்தியாசம் 2.32.

அதாவது கூடுதலாகப் போட்ட காசு திரும்பி வர 45,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாங்கள் மாதம் 2,600 ஓட்டுகிறோம், பதினேழு மாதத்தில் வந்துவிட்டது. மாதம் 800 ஓடும் வண்டியாக இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆகும். ஷோரூமில் எல்லோருக்கும் ஒரே மாதிரி "சிஎன்ஜி எடுங்க சார், லாபம்" என்பார்கள். நீங்கள் மாதம் எத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் கேட்கவில்லை என்றால் நீங்களே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் நான் விட்டுவிட்ட ஒன்று பங்க் வாசல். அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒரு தடவை நிரப்பினால் சராசரியாக 185 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. சிஎன்ஜியில் ஓடியது 98,000. ஆக இதுவரை ஐந்நூற்று முப்பது தடவை பங்க்குக்குப் போயிருக்கிறது வண்டி. தடவைக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் இருநூற்றிருபது மணி நேரம். பைப்லைன் வராத பங்க்குகளுக்கு லாரியில் சிலிண்டர் அடுக்கிக்கொண்டு வந்துதான் கேஸ் கொடுக்கிறார்கள். லாரி வந்த புதிதில் அழுத்தம் 200 பார் வரை நன்றாக இருக்கும், நேரம் ஆக ஆக இறங்கிவிடும். மத்தியானம் போய் நின்றால் முக்கால் மணி நேரம் வரிசையில் காத்திருந்து ஐந்தரை கிலோவோடு திரும்ப வேண்டியதுதான். நிரப்பும்போது வண்டியில் யாரும் உட்காரக் கூடாது என்பது விதி. எங்கள் சேல்ஸ் மேனேஜர் லேப்டாப் பையோடு பங்க் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கொட்டேஷன் பேசிய நாட்கள் உண்டு. முதல் ஆறு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சரியாக இருக்காது.

அதைத் தீர்த்து வைத்தவர் டிரைவர் அண்ணன்தான். ஒருநாள் அவராகவே வந்து, "சார், லாரி காலையில அஞ்சரைக்கு வந்துருதுங்க. ஆறு மணிக்குப் போனா ஏழரை, எட்டு கிலோ ஏறுதுங்க. நான் வர்ற வழியிலயே போட்டுட்டு வந்தர்றனுங்க" என்றார். அன்றிலிருந்து வரிசை பத்து நிமிடமாகக் குறைந்தது. வீட்டிலிருந்து பங்க் வழியாக வருவதற்கு அவருக்கு மாதம் 500 சேர்த்துக் கொடுக்கிறோம். நான் செய்த சிக்கனங்களில் இதுதான் உருப்படியானது, அதுவும் என் யோசனை இல்லை.

டிக்கி விஷயம். சாதாரண டிசையரில் 378 லிட்டர் இடம். சிஎன்ஜியில் சிலிண்டர் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். சாம்பிள் பம்ப் பெட்டிகள் பின்சீட்டுக்குப் போய்விடுகின்றன. டாடா 2023இல் டிகோருக்கு டிக்கித் தளத்துக்கு அடியில் இரண்டு சின்னச் சிலிண்டர் வைத்துக் கொண்டுவந்தது. நாங்கள் வாங்கும்போது அது இருந்திருந்தால் ஒரு வாரம் கூடுதலாக யோசித்திருப்போம். ஊட்டி, குன்னூர் பக்கம் நான்கு பேரோடு ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிவிடுவது வழக்கம். மற்றபடி வேகம், சொகுசு பற்றி யாரும் என்னிடம் புகார் சொன்னதில்லை.

வரிப் பக்கம் கொஞ்சம். "ஜிஎஸ்டி திரும்ப வருமில்லப்பா?" என்று முதலாளி ஆசையாகக் கேட்டார். வராது. டிரைவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேருக்குள் உட்காரும் வண்டி என்றால், டாக்ஸி ஓட்டுபவர், கார் விற்பவர், டிரைவிங் ஸ்கூல் மாதிரி சிலருக்கு மட்டும்தான் உள்ளீட்டு வரி வரவு உண்டு. நாங்கள் வாங்கியபோது செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதம், அது அப்படியே செலவுதான். வருமான வரிக் கணக்கில் தேய்மானம் வருடம் 15 சதவீதம் காட்டலாம். இதில் ஒரு நெளிவு: அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் முதல் வருடம் பாதிதான். ஜூலையில் எடுத்ததால் எங்களுக்கு முழுசாகக் கிடைத்தது. தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்து வாங்குகிற கம்பெனிகள் இதையும் தராசில் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று, கார் கம்பெனி பெயரில் இருந்தால் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு பொருந்தாது, கம்பெனிக்கு ஏது டிரைவிங் லைசென்ஸ்! அதற்குப் பதில் சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பீட்டைச் சேர்க்க வேண்டும். பிரீமியம் 50 ரூபாய். எங்கள் முதல் பாலிசியில் அது விடுபட்டிருந்தது. நான் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

இப்போது மொத்தக் கணக்கு. எரிபொருள் கிலோமீட்டருக்கு 3.60 (பத்தில் ஒரு பங்கு பெட்ரோலில் ஓடியதால் கொஞ்சம் கூடுகிறது). சர்வீஸ், டயர், பேட்டரி, 88,000இல் மாற்றிய கிளட்ச் எல்லாம் சேர்த்து 92 பைசா. முதல் வருடத்துக்குப் பிறகான இன்சூரன்ஸ் 43 பைசா. ஏழு லட்சம் கடனுக்கு வட்டி 1.36. வண்டியின் மதிப்பு இறங்கியது 3.76, பழைய கார் வாங்குபவர் இப்போது 5.40 லட்சம் சொல்கிறார். போன ஆகஸ்டில் இதே ஆள் 5.90 சொன்னார். 2025 செப்டம்பர் 22இல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதும் புது வண்டி விலை குறைந்தது, பழைய வண்டி விலையும் கூடவே சரிந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நல்ல காலம், எங்களுக்கு அரை லட்சம் போச்சு.

கூட்டினால் டோல் இல்லாமல் 10.07 ரூபாய். இதை எழுதி முதலாளியிடம் கொடுத்தபோது அவருக்குச் சந்தோஷம். வாடகைக் கார் 14, நம் கார் 10. அப்புறம்தான் டிரைவர் சம்பளத்தைச் சேர்த்தேன். மூன்றரை வருடத்தில் 9.03 லட்சம், கிலோமீட்டருக்கு 8.28. வண்டியின் ரோட்டு விலைக்குக் கிட்டத்தட்டச் சமம்! மைலேஜ் இரண்டு கூடுமா, மூன்று கூடுமா என்று மண்டையை உடைத்துக்கொண்ட எங்களில் ஒருவருக்கும் இந்த வரி கண்ணில் படவில்லை. மொத்தம் 18.35. கிலோமீட்டர் கணக்கில் வாடகைக் கார்தான் மலிவு. ஆனால் மினிமம் 250, பாட்டா எல்லாம் போட்டால் எங்கள் பதினாறு நாளுக்கு அவர்கள் பில் 62,400; எங்கள் செலவு 47,700. மிச்சம் மாதம் 14,700. மாதம் பத்து நாள்தான் வெளியூர் என்றால் இந்த மிச்சம் காணாமல் போய்விடும், டிரைவர் சம்பளம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்தப் பாடம் 2024இல் இரண்டாவது கார் வாங்கும்போது உதவியது. சர்வீஸ் இன்ஜினியருக்கு ஊருக்குள் மாதம் 700, 800 கிலோமீட்டர். சிஎன்ஜி வேண்டாம் என்று ஒரே நிமிடத்தில் முடிவு. ஒரு லிட்டர் பெட்ரோல் வேகன்ஆர், டிரைவர் கிடையாது, அவரே ஓட்டுகிறார். ஆயிரம் சிசிக்குக் கீழே என்பதால் மூன்றாம் நபர் காப்பீடும் வருடம் 3,416க்குப் பதில் 2,094. இரவு வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொந்த வேலைக்கும் ஓட்டுவதால், வாங்கியபோது இருந்த விதிப்படி மாதம் 1,800 ரூபாய் அவருடைய வரிக்குரிய சம்பளத்தில் சேர்ந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை, ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்கு மாமியாரைக் கூட்டிப்போகக் கார் இருக்கிறதே. டிசையர் முழுக்க ஆபீஸ் வேலைக்கு மட்டும். அதற்கு லாக் புக் எழுதுகிறோம். டிரைவர் அண்ணனின் கையெழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், ஆனால் ஒரு நாள் விட்டதில்லை.

டிசையரின் சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது. போன ஜூலையில் செய்தோம். கழற்றி, சோதித்து, மாட்டிக் கொடுக்க இரண்டு நாள் வண்டி நின்றது. அதைத் தள்ளிப்போட்டால் பங்க்கில் சோதனைத் தேதி உள்ள தகட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டிசையரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று போன வாரம் பேச்சு வந்தது. 2024 நவம்பரில் வந்த புது டிசையரில் ஆறு ஏர்பேக், குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம். எங்களுடையதில் ஏர்பேக் இரண்டுதான். இரவு பத்து மணிக்குச் சேலத்திலிருந்து ஆள் திரும்பும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இல்லை. கடன் இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது, அதுவரை ஓடட்டும் என்பது என் கட்சி. முதலாளி என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் டிரைவர் இல்லாம ஓட்ட முடியாதா?" என்று கேட்டார். சேல்ஸ் மேனேஜருக்கு வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை, ராத்திரியில் எதிரே வரும் லைட் அடித்தால் கண் கூசும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, சேலத்துக்கு வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டார்.