போடிமெட்டா, குமுளியா, கம்பம்மெட்டா: தேனியிலிருந்து சைக்கிளில் ஏற எந்த மலை?

தேனியில் குடியிருந்துகொண்டு சைக்கிள் மிதிப்பவனுக்கு மலைக்குப் பஞ்சமில்லை. மேற்கே போனால் போடிமெட்டு. தெற்கே போனால் கம்பம்மெட்டும் குமுளியும். நடுவில் சின்னமனூரிலிருந்து பிரியும் மேகமலை. பஞ்சமெல்லாம் நாளுக்குத்தான். எனக்குக் கடை விடுமுறை செவ்வாய் ஒரு நாள். அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அதனால் ஏதாவது ஒரு மலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாலையும் ஏறிப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷமாகப் போடிமெட்டோடு நிற்கிறேன்.

தூரத்தையும் ஏற்றத்தையும் முதலில் முடித்துவிடுகிறேன், அவை எந்தச் செயலியிலும் கிடைக்கும். தேனியிலிருந்து போடி 15 கி.மீ. போடியைத் தாண்டி முந்தல் சோதனைச்சாவடியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து மேலே 20 கி.மீ., 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். சராசரிச் சரிவு 5 சதவீதம்தான், அதாவது நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். பின்சக்கரப் பல்சக்கர அடுக்கில் (கேசட்) பெரியது 32 பல்லாக இருந்தால் யாரும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். குமுளி நேர்மாறு. தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை ஐம்பது கி.மீ.க்கு மேல் சமவெளி, அப்புறம் வெறும் 6 கி.மீ. மலை. அந்த ஆறிலேயே நானூறு மீட்டர் ஏற்றிவிடுவார்கள். கம்பம்மெட்டு இன்னும் குறுகல், இன்னும் செங்குத்து. மேகமலைக்கு 18 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டே ஏறலாம், மூச்சு இருந்தால்.

நான் முடிவெடுத்தது இந்தக் கணக்குகளை வைத்து இல்லை. ஜீப்பை வைத்து.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தெல்லாம் விடிவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளத்து இடுக்கி மலைக்குக் கிளம்பும். ஏலக்காய்த் தோட்டத்தில் காலையில் ஆள் நிற்க வேண்டும். சாயங்காலம் அதே ஜீப்புகள் அதே வேகத்தில் இறங்கும். ஓட்டுநர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்காத ஜீப்பை நான் பார்த்ததே இல்லை. ஆனால் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஆடி ஆடி ஏறும் ஒரு சைக்கிளுக்காக அவர்கள் வேகத்தைக் குறைக்க முடியாது, குறைக்கவும் மாட்டார்கள். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்குவது வழிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியில் சைக்கிள் வண்டிக் கணக்கில் வராது என்பது என் அனுபவம்.

ஆகக் கேள்வி, எந்த மலையில் ஜீப்புக்கும் எனக்கும் நேரம் இடிக்காமல் இருக்கிறது என்பதுதான். இதில்தான் போடிமெட்டு ஜெயிக்கிறது. ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டால் ஆறு மணிக்குப் போடி. ஆறரைக்கு முந்தல். மேலே போகிற ஜீப்புகளில் பெரும்பாலானவை அதற்குள் என்னைச் சமவெளியிலேயே, அகலமான இடத்திலேயே தாண்டிப் போயிருக்கும். முந்தலில் ஒரு டீ. டீக்கடைக்காரருக்கு என் சைக்கிளைவிட ஜீப் கணக்கு நன்றாகத் தெரியும். "இன்னும் மூணு வண்டி வரணும் தம்பி, இருந்து போங்க" என்பார். மூன்றும் போகும். தலையில் துண்டு கட்டிய பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, பின்பக்கக் கம்பியைப் பிடித்து நிற்கும் இரண்டு இளவட்டங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டு முன்னாலேயே கிளம்பி இரண்டாவது வளைவில் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு ஜீப்பிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "ஏன்ப்பா இந்தப் பாடு? ஏறிக்க, மேல விட்டுர்றோம்" என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. எனக்கும்தான்.

ஏழு மணிக்கு மேல் முந்தலிலிருந்து ஏறினால் சாலை கிட்டத்தட்ட நம்முடையது. அவ்வப்போது ஒரு பஸ், ஒரு காய்கறி வண்டி, மூணாறு போகும் கார்கள். கார்கள் கூடுவது ஒன்பது மணிக்கு மேல். கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான் என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை காலையில் நம்பமாட்டீர்கள். புலியூத்துப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கீழே போடி ஊர் சின்னதாகிக்கொண்டே போகும். ஒன்பதரைக்கு மேலே. ஒரு கட்டன் சாயா, ஒரு பழம்பொரி. பத்து மணிக்கு இறக்கம். பன்னிரண்டுக்கு வீடு. சாயங்கால ஜீப்பைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

இறக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அடிபட்டுக் கற்றேன். என்னுடையது பழைய ரிம் பிரேக் வண்டி, பிரேக் கட்டை சக்கரத்தின் வளையத்தையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும். குமுளியில் இறங்கும்போது முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். லாரி ஊர்கிறது, முந்த இடமில்லை, நிற்கவும் இடமில்லை. இரண்டு கி.மீ.க்கு மேல் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். மாதா கோவில் வளைவை நெருங்கும்போது பின்சக்கரத்தில் டப்பென்று ஒரு சத்தம். ரிம் சூடேறி டியூப் வெடித்துவிட்டது. ஓரத்து மண்ணில் சாய்ந்ததால் முழங்கை மட்டும் போயிற்று. ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் சரியான நேரத்தில் நிறுத்தினார். அவர் நிறுத்தியிருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு டியூபை வெடிக்க வைத்தது சரிவு என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நெரிசல். சாலை காலியாக இருந்தால் வளைவுக்கு முன்னால் மட்டும் இறுக்கிப் பிடித்து, திரும்பியதும் விட்டுவிடலாம். அடுத்த வளைவுக்குள் ரிம் காற்றில் ஆறிவிடும். போடிமெட்டில் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே அந்த நீளம் இருக்கிறது. பத்து மணிக்கு அந்தக் காலிச் சாலையும் இருக்கிறது. ரிம்மைத் தொடாமல் சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு டியூப் வெடிக்கும் பயம் இல்லை, ஆனால் லாரிக்குப் பின்னால் ஊரும் எரிச்சல் அவர்களுக்கும் உண்டு.

குமுளிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சமவெளிப் பகுதி அழகு. வீரபாண்டி, உத்தமபாளையம் தாண்டினால் முல்லையாற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் நெல் விளையும் வயல்கள், கூடலூரை ஒட்டிப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். லோயர் கேம்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து நம் பக்கம் வருவதை அந்த இடத்தில் நின்று பார்ப்பது தனி. ஆனால் தேக்கடிக்குப் போகும் கார், கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரி, இரண்டு மாநில பஸ்கள் எல்லாம் அந்த 6 கி.மீ.க்குள்தான் நுழைய வேண்டும். ஜீப் போன பிறகும் அங்கே ஓய்வு கிடையாது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வண்டி வேறு. சீசன் உச்சத்தில் போலீஸ் ஒருவழிப் பாதையாக்கி, போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுவார்கள். அந்த நேரத்தில் இரண்டு மலையும் சைக்கிளுக்கு ஆகாது.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்குக்குள் மேல்காற்று புகுந்து அடிக்கும் அடியை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றை எதிர்த்துக் குமுளிக்கு ஐம்பது கி.மீ. மிதிப்பது மலை ஏறுவதைவிடக் கொடுமை. திரும்பும்போது பறக்கலாம் என்பது உண்மைதான். போடிப் பாதையிலும் எதிர்காற்றுதான், ஆனால் இருபது கி.மீ.யோடு போயிற்று.

கம்பம்மெட்டை இரண்டே முறைதான் ஏறியிருக்கிறேன், இரண்டும் வார நாள் காலை. நான் கம்பம் சேரும் நேரமும் ஜீப்புகள் மலையில் இருக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. கம்பத்திலேயே வீடு உள்ளவர் தாமதமாகக் கிளம்பி ஏறினால் அவருடைய கணக்கு வேறாக இருக்கலாம்.

மேகமலை ஒரே தடவை. சாலையைக் கேட்டால், நாலில் அதுதான் அமைதி. ஜீப் தொல்லை மிகக் குறைவு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேலே இருக்கும் ஹைவேவிஸ் ஊர் வரை போவது போடிமெட்டைவிட அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது புலிகள் காப்பகத்துக் காடு. வனத்துறைச் சோதனைச்சாவடியில் காலை ஆறு மணிக்கு மேல்தான் விடுவார்கள், மாலை ஆறுக்குள் இறங்கிவிட வேண்டும். தேனியிலிருந்து போய் வந்தால் முழு நாள் போய்விடும். யானையும் உண்டு. 2023-இல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் அடுத்த சில வாரங்களில் மேகமலைக்கு வந்து, அங்கிருந்து கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போடிமெட்டில் நான் பார்த்ததெல்லாம் காட்டுமாடுதான். ஒன்பதாவது வளைவில் ஒன்று சாலையோரம் நின்றது. இறங்கி, சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அதற்கு அவசரமில்லை.

போடிமெட்டுக்கு இன்னொரு லாபம், மேலே போயும் பாதை முடிவதில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதித்தால் பூப்பாறை வரை இறங்கலாம், தேவிகுளம் வழியாக மூணாறு வரைகூடப் போகலாம். மெட்டிலிருந்து சுமார் 42 கி.மீ., கேரளப் பக்கம் சாலையை நன்றாக அகலப்படுத்திவிட்டார்கள். பூப்பாறைக்கு இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பதை மட்டும் போகும்போதே நினைவில் வைக்க வேண்டும். முதல் தடவை நான் வைக்கவில்லை.

ஞாயிறு மட்டும் ஓய்வு உள்ளவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அன்றைக்கு ஜீப் குறையும், மூணாறு கார்கள் கூடும். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, கார்கள் எழுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் நான் போடிமெட்டுக்கும் போவதில்லை. மழை பிடித்தால் புலியூத்துப் பக்கம் பாறையும் மண்ணும் சரியும், மெட்டு வரை போனவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். அந்த இரண்டு மாதமும் வீரபாண்டி, உப்புக்கோட்டை, கூழையனூர், குச்சனூர் என்று வயல்காட்டுச் சாலைதான். ஏற்றம் என்று பார்த்தால் வாய்க்கால் பாலங்கள் மட்டும். பதினொன்றுக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன். உலை கொதித்திருக்காது.